குழந்தைக் கைக்கு எட்டும் பெயர்கள்

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் ‘மெமோரியல் டே’. படைப்பணியில் உயிரைக் கொடுத்தவர்களை நினைக்கும் நாள். உயிரோடிருக்கும் முன்னாள் வீரர்களுக்கு நவம்பர் 11 தனியாக இருக்கிறது; இது மாண்டவர்களுக்கே உரியது. ஜனாதிபதி மலர்வளையம் வைப்பார், அணிவகுப்பு நடக்கும், இசைக்குழு முழங்கும். என் மனம் தங்குவது அவற்றில் இல்லை. கொடியை எந்த இடத்தில் ஊன்றுவது, பெயரை எப்படிப் படிப்பது, எந்தக் காசை எந்தக் கல்லின்மேல் வைப்பது என்பன போன்ற சின்னஞ்சிறு வழக்கங்கள்தாம் என்னை இழுக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். யாரும் கூடிப் பேசித் திட்டமிடாமலேயே இந்த வழக்கங்கள் ஒரு குழந்தையின் கைக்கும் காலுக்கும் உயரத்துக்கும் பொருந்தி வந்திருக்கின்றன. சாவு என்னும் பெரும் பாரத்தை ஒரு சிறுமி தூக்கக்கூடிய அளவுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

இந்த நாளின் தொடக்கத்தைப் பார்த்தால் இதில் வியப்பே இல்லை. அங்கேயே குழந்தைகள்தாம் முன்னே நடந்தார்கள்.

1865 மே 1. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம். உள்நாட்டுப் போர் முடிந்த சூடு இன்னும் ஆறவில்லை. ஊரின் பணக்காரர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய மைதானத்தை, போரின் கடைசி ஆண்டில் தெற்கத்திப் படையினர் திறந்தவெளிச் சிறையாக மாற்றியிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் நோயிலும் அங்கே செத்த வடக்கத்திப் போர்க்கைதிகள் 257 பேர். அவசர அவசரமாக ஒரே குழியில் தள்ளி மூடியிருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பினத் தொழிலாளர் 28 பேர் அங்கே போனார்கள். உடல்களைத் தோண்டியெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனிக்குழி வெட்டி, முறையாக அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் உயரமான வேலி கட்டி வெள்ளையடித்தார்கள். நுழைவாயிலில் ஒரு வளைவு அமைத்து, பந்தய மைதானத்தின் தியாகிகள் என்று பொருள்படும் சொற்களை எழுதினார்கள்.

அதன் பிறகு நடந்த ஊர்வலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் கலந்துகொண்டார்கள். பெரும்பாலோர் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள். ஊர்வலத்தின் வரிசைதான் என்னை நிற்க வைக்கிறது. முதலில் 3,000 பள்ளிக் குழந்தைகள், கை நிறைய ரோஜாவோடு, பாடிக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பூக்கூடைகளும் மலர்வளையங்களும் ஏந்திய பெண்கள். அப்புறம் ஆண்கள். அதற்கும் பின்னால்தான் படை. வீரர்களுக்கு மரியாதை செய்யும் ஊர்வலத்தில் படை பின்னால் வர, குழந்தைகள் தலைமை ஏற்கிறார்கள்.

ஏன் அப்படி அமைத்தார்கள் என்பதற்கு அவர்கள் காரணம் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் யார் என்று பார்த்தால் காரணம் தானே விளங்கும். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றமாக இருந்த மாநிலம் அது. நகரம் வடக்கத்திப் படையிடம் வீழ்ந்தது பிப்ரவரியில். விடுதலை பெற்றவர்களுக்கான பள்ளிகள் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த 3,000 பேரில் பெரும்பாலோர் அப்போதுதான் எழுத்தைத் தொட்டவர்கள். குழியில் கிடந்தவர்கள் எதற்காக உயிர் விட்டார்களோ அதன் பலன், சிலேட்டை வைத்துவிட்டு ரோஜாவை எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்க வந்திருந்தது. இதைவிடப் பொருத்தமான அஞ்சலியை எந்தத் தளபதியாலும் வகுத்திருக்க முடியாது. நீண்ட காலம் மறந்துபோயிருந்த இந்த நிகழ்ச்சியை ஆவணக் காப்பகத்திலிருந்து மீட்டுக் கொடுத்தவர் யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட். அந்த உடல்கள் பின்னாளில் பியூஃபோர்ட்டில் உள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. பந்தய மைதானம் இருந்த இடம் இன்று ஹாம்ப்டன் பூங்கா.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1868 மே 30 அன்று, முன்னாள் வீரர் சங்கத்தின் தலைவர் ஜான் லோகன் விடுத்த ஆணைப்படி நாடு முழுதும் கல்லறைகளுக்குப் பூ வைத்தார்கள். வாஷிங்டனுக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் ஏறத்தாழ 5,000. பின்னால் ஜனாதிபதியான ஜேம்ஸ் கார்ஃபீல்டு பேசினார். பேச்சு முடிந்ததும் கல்லறை வரிசைகளுக்குள் பூத்தூவிக்கொண்டு நடந்தவர்களில், படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்துக் குழந்தைகளும் இருந்தார்கள். வடக்கத்தியர் கல்லறை, தெற்கத்தியர் கல்லறை என்று பார்க்காமல் இரண்டிலும் தூவினார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. அதே ஆர்லிங்டனில் அடையாளம் தெரியாத 2,111 பேரின் எலும்புகள் ஒரே கல்லறைக்குள் இருக்கின்றன. அப்பா எந்தக் களத்தில் விழுந்தார், எந்த மண்ணில் கிடக்கிறார் என்றே தெரியாத பிள்ளைகள் நிறைந்த காலம் அது. தன் அப்பாவுக்கு வைக்க வேண்டிய பூவை யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு வைக்கிறது ஒரு பிள்ளை. அந்த யாரோ, எதிரிப் படையில் நின்றவராகவும் இருக்கலாம். பெரியவர்கள் சமாதானம் பேசப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் கைகள் அன்று மாலைக்குள் அதைச் செய்து முடித்துவிட்டன.

இப்போது இன்றைய வழக்கங்களுக்கு வருகிறேன். முதலில் கொடி.

நினைவு நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை, ‘ஓல்டு கார்டு’ எனப்படும் 3-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டின் வீரர்கள் ஆர்லிங்டனுக்குள் சிறு கொடிகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். 1948 முதல் இந்த வழக்கம். 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கொடி. சில மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். கையில் அளவுகோல் கிடையாது. கல்லின் நடுவுக்கு நேராக, ஒரு பூட்ஸ் நீளம் தள்ளி ஊன்ற வேண்டும், அவ்வளவுதான் விதி. நடந்து நடந்து தேய்ந்து, களத்திலே நின்றுபோன கால்களுக்கு, இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு காலால் அளந்து மரியாதை செய்கிறார்கள். இந்த அளவை யார் முதலில் வைத்தாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

நாட்டின் வேறு பல தேசியக் கல்லறைத் தோட்டங்களிலும் ஊர்க் கல்லறைகளிலும் இதே வேலையைச் சாரணச் சிறுவர் சிறுமியர் செய்கிறார்கள். அங்கேயும் காலடிதான் அளவு. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் கேன்வாஸ் ஷூவும் படைவீரனின் பூட்ஸும் ஒரே நீளமா? பிள்ளை தன் காலையே அளவாக வைத்து ஊன்றிய கொடி கல்லோடு இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கும். வரிசையில் இது சிறிய பிசகுதான். எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது. வளர வளர அதே பிள்ளையின் கொடி ஆண்டுக்கு ஆண்டு கல்லைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போகும். ஒரு நாள் பூட்ஸின் அளவுக்கு வந்து நிற்கும்.

கொடி ஊன்றும் செயலையும் கூர்ந்து பார்க்க வேண்டும். கெட்டிப்பட்ட மண்ணில் மரக்குச்சியை ஒரு குழந்தை நின்றபடி செருக முடியாது. மண்டியிட வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து அழுத்த வேண்டும். தேசியக் கல்லறைத் தோட்டங்களின் வெண்பளிங்குக் கல் தரைக்கு மேலே ஏறத்தாழ இரண்டடி உயரந்தான் இருக்கும். மண்டியிட்ட குழந்தையின் கண்ணுக்கு நேர் எதிரே பெயர் வந்துவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் பெரியவர் அந்தப் பெயரைக் குனிந்து பார்க்கிறார். குழந்தை முகத்துக்கு முகமாகப் பார்க்கிறது.

பெயருக்குக் கீழே பதவி, படைப்பிரிவு, போரின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். இந்த இரண்டு தேதிகளையும் கண்டால் கழித்தல் படித்த பிள்ளை சும்மா இருக்காது; தானே கணக்குப் போடும். பத்தொன்பது என்று விடை வரும். இருபத்தொன்று என்று வரும். தன் வீட்டு அண்ணனுக்கும் அதே வயது என்பது அப்போது உறைக்கும். போர் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, அந்தக் கழித்தலே போதும். பல குழுக்களில் கொடியை ஊன்றியதும் எழுந்து நின்று, கல்லில் இருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்து, சல்யூட் வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போகச் சொல்லித் தருகிறார்கள். வாய்க்குப் பழகாத ஊர்ப் பெயர்கள், குடும்பப் பெயர்கள். போலந்துக்காரர், இத்தாலிக்காரர், மெக்சிகோக்காரர். குழந்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறது. அந்தத் தடுமாற்றம் அந்தப் பெயருக்குக் கூடுதலாகச் சில நொடிகளை வாங்கித் தருகிறது. சரளமாகப் படிக்கும் பெரியவரிடம் அது கிடைக்காது.

கொடி காலுக்கு. விரல்களுக்கு ஏற்றது வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவர்.

1982-இல் திறக்கப்பட்ட அந்தச் சுவரை வடிவமைத்த மாயா லின், போட்டியில் வென்றபோது 21 வயது மாணவி. மெருகேற்றிய கருங்கல் பலகைகளில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், விழுந்த நாள் வரிசையில். ஒவ்வொரு எழுத்தும் அரை அங்குல உயரம். இரண்டு கைகளைப் போல் விரிந்த அந்தச் சுவர் நடுவில் பத்தடி உயரம். ஓரங்களில் தாழ்ந்து தாழ்ந்து எட்டு அங்குலமாகக் குறுகிவிடுகிறது. அதாவது இரு முனைகளிலும் பெயர்கள் கணுக்கால் உயரத்தில் இருக்கின்றன. தவழும் குழந்தைகூடத் தொட முடியும். பீடத்தின்மேல் ஏற்றி வைத்த சிலையை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். இந்தச் சுவரோ யாரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லாமல் தொடங்குகிறது. பிறகு நடக்க நடக்க, பெயர்கள் முழங்காலுக்கு, இடுப்புக்கு, தலைக்கு மேல் என்று உயர்கின்றன. நடுவுக்கு வரும்போது குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பெயர்கள் நிற்கும். அப்பா தூக்கித் தோளில் வைத்தால்தான் எட்டும். எத்தனை பேர் போனார்கள் என்பதை எண்ணிக்கையாகச் சொல்லாமல் உடம்பால் உணர வைக்கும் வித்தை இது.

அங்கே தன்னார்வலர்கள் நீளமான காகிதத் துண்டும் பென்சிலும் தருவார்கள். காகிதத்தைப் பெயரின்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கல்லில் குழிந்த எழுத்து காகிதத்தில் வெள்ளையாக எழும்பி வரும். நம் பிள்ளைகள் நாணயத்தைக் காகிதத்துக்கு அடியில் வைத்துத் தேய்த்து விளையாடுவார்களே, அதே கைவேலை. எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவரைவிடச் சீராகத் தேய்க்கும். தாத்தாவின் பெயரை அது வீட்டுக்கு எடுத்துப் போகிறது.

ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு சிறு குறி உண்டு. பலர் கவனிக்காமல் போவார்கள்; குழந்தையின் கண்ணுக்கு அது தப்பாது. சாய்சதுரமாக இருந்தால் அவர் இறந்தது உறுதி. சிலுவைக் குறியாக இருந்தால் காணாமற்போனவர். காணாமற்போனவரின் உடல் பின்னால் கிடைத்து உறுதியானால், சிலுவைக் குறியின்மேலேயே சாய்சதுரத்தைச் செதுக்கிவிடுவார்கள். உயிரோடு திரும்பி வந்தால் சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது என்றும் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்த வட்டம் இதுவரை ஒரு பெயருக்கும் போடப்படவில்லை. ஆனாலும் அதற்கான இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த மனத்தை நினைத்துப் பாருங்கள். நம்பிக்கைக்குக் கல்லில் இடம் விட்டிருக்கிறார்கள். இதை ஒரு பிள்ளைக்கு விளக்கிச் சொன்னால், அடுத்த கணமே அது சுவர் முழுதும் வட்டத்தைத் தேடத் தொடங்கும். தேடட்டும். காணாமற்போனவனின் தாய் ஆண்டுக்கணக்காகச் செய்ததும் அதுதானே.

கடல் தாண்டியும் இந்த நாள் உண்டு. பிரான்சின் நார்மண்டிக் கரையில், 1944-இல் படை இறங்கிய ஓமஹா கடற்கரையைப் பார்த்தபடி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 9,380-க்கும் மேற்பட்ட வெண்பளிங்குக் குறிகள். வெள்ளைப் பளிங்கில் வெள்ளையாகவே செதுக்கிய பெயர், வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாது. உறவினர்கள் வரும்போது ஊழியர்கள் ஒரு வாளியில் ஈரமணல் கொண்டுவருவார்கள், அதே ஓமஹா கடற்கரையின் மணல். பெயரின்மேல் அள்ளிப் பூசி, மேற்பரப்பை மட்டும் பஞ்சால் துடைத்துவிட்டால், எழுத்தின் குழிகளில் மணல் தங்கிப் பெயர் பொன்னிறத்தில் எழுந்து நிற்கும். அவன் கால்வைத்த கரையின் மணலே அவன் பெயரை எழுதுகிறது. அடுத்த மழையில் கரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் யாராவது வந்து புதிதாகப் பூச வேண்டும். மணலைப் பூசுவதற்குக் குழந்தையைவிடத் தகுதியான கை எது?

நெதர்லாந்தின் மார்கிராட்டன் கிராமத்து அமெரிக்கக் கல்லறையில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் அடக்கம். ஒவ்வொரு கல்லறையையும் ஒரு டச்சுக் குடும்பம் தத்தெடுத்திருக்கிறது. 1945-இல் தொடங்கிய ஏற்பாடு. இப்போது தத்தெடுக்கக் கல்லறை மிச்சமில்லாமல், காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. பாட்டி ஏற்றுக்கொண்ட கல்லறை அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறது. வீட்டில் யாரும் பார்த்திராத ஓர் அந்நிய இளைஞனின் பிறந்தநாளுக்கு அந்த மகள் பூவோடு போகிறாள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த அவனுடைய தாய்க்கு இது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

மீண்டும் அமெரிக்கக் கல்லறைகளுக்கு. கற்களின்மேல் சில்லறைக் காசுகள் கிடப்பதைப் பார்க்கலாம். வைத்தவர் யார் என்பதைக் காசே சொல்லும் என்பது வழக்கம். ஒரு சென்ட் என்றால் வந்து பார்த்தேன். ஐந்து சென்ட் என்றால் பயிற்சி முகாமில் ஒன்றாக இருந்தோம். பத்து சென்ட் என்றால் ஒன்றாகப் பணியாற்றினோம். இருபத்தைந்து என்றால் உன் உயிர் போனபோது பக்கத்தில் இருந்தேன். அந்தக் காசை வைக்க உரிமையுள்ளவர் ஒருவரோ இருவரோதான். அவர் கல்லருகே நெடுநேரம் நிற்பார். குழந்தைக்குரியது ஒற்றைச் சென்ட். அதன் உண்டியலில் கட்டாயம் இருக்கும் காசு அதுதான். தான் பட்டிராததைப் பட்டதாகச் சொல்லிக்கொள்ளாமல், வந்தேன், பார்த்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கத்தை அந்தச் செப்புக் காசு கற்றுத் தருகிறது. துக்க வீட்டில் நாம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பெரியவர்களுக்கே தெரியாமல் போகிறது. இங்கே ஒரு சென்ட் அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

மெமோரியல் டேக்கு முன் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூவுக்கும் குழந்தைகளோடு உறவு உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சின் அன்னா கெரான் அந்தச் செயற்கைப் பூக்களைப் பரப்பியது போரில் அப்பாவை இழந்த பிள்ளைகளுக்காக. 1922 முதல் அமெரிக்க முன்னாள் வீரர்கள் சங்கம் ஒன்று அதை நாடு முழுதும் எடுத்துச் சென்றது. உடல் ஊனமுற்ற வீரர்கள் பூக்களைச் செய்தார்கள். 1925-இல் மிச்சிகனின் ஈட்டன் ரேப்பிட்ஸில் அதே சங்கத்தார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்கும் அந்தப் பூவின் வருமானத்தில் ஒரு பங்கு போயிற்று. பூவைச் செய்தவர் காலிழந்தவர், பயன் பெற்றது தகப்பனை இழந்த பிள்ளை. நடுவில் ஒரு பள்ளிப் பிள்ளை காசு கொடுத்து வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிறது.

காதுக்கு வருவோம். அடக்கத்தின்போதும் இந்த நாளிலும் ஊதுகொம்பில் வாசிக்கும் மெட்டுக்கு ‘டேப்ஸ்’ என்று பெயர். 1862 ஜூலையில், வர்ஜீனியாவின் ஹாரிசன்ஸ் லேண்டிங் முகாமில், படைத்தலைவர் டேனியல் பட்டர்ஃபீல்டு அமைத்தது. மொத்தமே 24 சுரங்கள். அவையும் நான்கே நான்கு சுரஸ்தானங்களுக்குள் சுற்றி வருபவை. வால்வு இல்லாத ஊதுகொம்பில் இயல்பாக எழும் சுரங்களே அவை. இந்த மெட்டு பிறந்தது சாவுக்காக அல்ல. விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள் என்று வீரர்களுக்கு இரவில் அறிவிக்க ஊதியது அது. நாளெல்லாம் நடந்து களைத்தவனை உறங்கப் போகச் சொன்ன அதே சுரங்கள், நிரந்தரமாக உறங்கப் போனவனுக்கும் ஆகிவந்தன. நான்கு சுரம் என்பதால், ஊதத் தொடங்கி ஓரிரு ஆண்டே ஆன பள்ளிப் பிள்ளையாலும் அதை வாசிக்க முடிகிறது. 2020-இல் பெருந்தொற்றால் ஊர்வலங்கள் நின்றுபோனபோது, சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ஸ்டீவ் ஹார்ட்மனும் ஊதுகொம்புக் கலைஞர் ஜாரி வில்லநுவேவாவும் ஓர் அழைப்பு விடுத்தார்கள். மெமோரியல் டே மாலை 3 மணிக்கு அவரவர் வீட்டு வாசலில் நின்று டேப்ஸ் வாசியுங்கள் என்றார்கள். நாடெங்கும் பிள்ளைகள் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஒன்றிரண்டு சுரம் பிசகியிருக்கும். பிசகாத வாசிப்பைவிட அது மனத்தைப் பிடித்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

மாலை 3 மணி என்ற நேரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது, அதிலும் குழந்தைகள்தாம். 1996-இல் வாஷிங்டனைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த பிள்ளைகளிடம், மெமோரியல் டே என்றால் என்ன என்று கேட்டார்கள். நீச்சல்குளம் திறக்கும் நாள் என்று பதில் வந்தது. அந்தப் பதில் ‘நோ கிரேட்டர் லவ்’ என்ற அமைப்பை நிறுவிய கார்மெல்லா லஸ்பாடாவைத் தூங்கவிடாமல் செய்தது போலும். அதிலிருந்து பிறந்த முயற்சி 2000 டிசம்பரில் சட்டமாயிற்று. நினைவு நாளில் அவரவர் ஊர் நேரப்படி மாலை 3 மணிக்கு ஒரு நிமிடம் எல்லோரும் நின்று நினைக்குமாறு அது கேட்டுக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். கோடையின் வாசலில் வரும் அந்த வார இறுதியில் குளங்கள் திறப்பது உண்மை. அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். அந்தக் குளமும் கோடையும் விளையாட்டும் யாரோ விட்டுவிட்டுப் போனவை என்று சொல்ல மறந்தவர்கள் பெரியவர்கள். ஒரு நிமிடம் என்று அளவு வைத்ததிலும் நயம் இருக்கிறது. ஒரு நிமிடம் வரை ஐந்து வயதுப் பிள்ளையால் பேசாமல் நிற்க முடியும். நின்ற பிறகு மறுபடி குளத்தில் குதிக்கலாம், குதிக்கத்தான் வேண்டும்.

இதே எண்ணத்தைக் கொடிக்கம்பமும் சொல்கிறது. மெமோரியல் டே காலையில் கொடியை விறுவிறுவென உச்சிவரை ஏற்றி, பிறகு மெதுவாகப் பாதிக் கம்பத்துக்கு இறக்குவார்கள். மற்றத் துக்க நாட்களில் பொழுது சாயும்வரை அப்படியே பறக்கும். இந்த நாளில் மட்டும் நண்பகல் 12 மணிக்கு மறுபடி உச்சிக்கு ஏற்ற வேண்டும் என்பது சட்டம். முற்பகல் மாண்டவர்களுக்கு, பிற்பகல், அவர்கள் விட்ட பணியை எடுத்துக்கொள்ளும் இருப்பவர்களுக்கு. துக்கத்துக்கு நேரம் உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை ஒரு கயிற்றாலும் துணியாலும் சொல்லிவிட்டார்கள். கயிற்றைப் பிடித்து இழுக்க ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால், அதன் கையே அதைப் புரிந்துகொள்ளும்.

இதுவரை சொன்னவை ஊர்ப் பிள்ளைகளுக்கானவை. போரில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைக்கு இந்த நாள் எப்படி விடியும்? மற்றவர்களுக்கு விடுமுறை, அதற்கு வீட்டில் ஒரு வெற்றிடம். 1992-இல் அலாஸ்காவில் ராணுவ விமான விபத்தில் கணவரை இழந்த போனி கரோல், 1994-இல் ‘டாப்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டும் நினைவு நாள் வார இறுதியில், வாஷிங்டன் வட்டாரத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணை; படையில் இருப்பவரோ, இருந்தவரோ. அந்த வார இறுதி முழுதும் அவர் அந்த ஒரு பிள்ளைக்கே உரியவர். விளையாட்டு, ஓவியம், பேச்சு, பேசாமல் இருப்பது எல்லாம் சேர்ந்தே. இறந்தவரின் படம் பதித்த வட்டப் பொத்தானைப் பிள்ளைகள் சட்டையில் குத்தியிருப்பார்கள். பள்ளியில் அந்தப் படம் ஒரு பிள்ளையைத் தனியாக்கும். இங்கே எல்லார் நெஞ்சிலும் ஒரு படம். ஒருவர் படத்தை ஒருவர் காட்டிப் பேச்சைத் தொடங்குகிறார்கள். அப்பா போட்டிருந்த அதே சீருடையைப் போட்ட ஒருவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிவிடுவதில் இருக்கும் ஆறுதல் எந்தச் சொற்பொழிவிலும் இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழகுபவர்கள் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. அப்பா தூங்குகிறார், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். தூங்குகிறார் என்று கேட்ட குழந்தை எழுந்திருக்கக் காத்திருக்கும். சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும். இசை உறக்கத்தைப் பாடலாம். பக்கத்தில் நிற்கும் பெரியவரின் வாய் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். நினைவு நாளின் வழக்கங்கள் எல்லாம் இந்த நேர்மையில்தான் நிற்கின்றன. கல் இறந்த நாளை மறைக்காமல் காட்டுகிறது. சுவரின் குறி உறுதியையும் ஐயத்தையும் பிரித்துச் சொல்கிறது. காசு இன்னார் வந்தார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறது. எதிலும் பொய் இல்லை; எதிலும் பயமுறுத்தல் இல்லை.

அதனால், இந்த நாளில் கல்லறைக்குப் போகும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் சொல்வது இதுதான். போரின் வரலாற்றை முழுதாக விளக்கித் தீர்க்க முயல வேண்டாம். வெற்றி, வீரம், தேசம் என்ற பெரிய சொற்களை அந்தப் பிள்ளை பின்னால் தானே எடைபோட்டுக்கொள்ளும். சில போர்களைப் பற்றி அதற்கு உங்கள் கருத்துக்கு மாறான கருத்தும் வரலாம், வரட்டும். இன்றைக்கு ஒரு கல்லைக் காட்டுங்கள். அதிலுள்ள பெயரை அதன் வாயாலேயே படிக்க விடுங்கள். வயதைக் கணக்குப் போட விடுங்கள். கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், சாவைச் சாவு என்றே சொல்லுங்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள். பூ வைப்பதோ, கொடி ஊன்றுவதோ, கல்லைக் கழுவுவதோ எதுவானாலும் சரி. வேலை முடிந்ததும் விளையாட விடுங்கள். மாண்டவர்களில் பலர் அந்த விளையாட்டு வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆனவர்கள். தங்கள் பெயரைத் தடுமாறிப் படித்த ஒரு பிள்ளை, படித்து முடித்த கையோடு புல்லில் ஓடுவதை அவர்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டும் வந்து அதே பெயரைத் தடுமாறாமல் படித்தால், அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் நம் பங்கைச் செலுத்திவிட்டோம் என்று பொருள்.